ஒரு சொட்டு ரத்தத்தில் பங்காளி வழக்கு

சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டை அன்றன்றைக்குத்தான் கரைக்க வேண்டும். நேற்றுக் கரைத்தது இன்றைக்கு ஆகாது. லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் மாதமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். கேட்டதெல்லாம் கையில் நின்றுவிடுமா?

1989 மழைக்காலம். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு தாய் ஏழு வயசுப் பையனை இடுப்பில் சுமந்துகொண்டு வந்திருந்தார். பையனுக்குக் கையும் காலும் தொட முடியாத வலி, கண்ணில் மஞ்சள். டாக்டர் சீட்டில் ‘சிக்கிளிங்’ என்று எழுதி அனுப்பியிருந்தார். அலமாரியில் முந்தின நாள் கரைசல் இருந்தது. சோம்பல். அதிலேயே இரண்டு சொட்டு எடுத்துப் பையனின் ரத்தத்தோடு கலந்து, கண்ணாடி வில்லையால் மூடி, காற்றுப் புகாமல் ஓரத்தில் வாஸ்லைன் தடவி, அரைமணி நேரம் கழித்துப் பார்த்தேன். அணுக்கள் எல்லாம் பணியாரம்போல வட்டமாகவே கிடந்தன. ‘நெகட்டிவ்’ என்று எழுதினேன்.

டாக்டர் நம்பவில்லை. நான்காம் நாள் மறுபடி அனுப்பினார். “கரைசல் எப்போ போட்டது?” என்று ஒரு கேள்விதான் கேட்டார். எனக்குக் காது சுட்டது.

புதிதாகக் கரைத்துப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஓர் அணுவின் ஓரத்தை யாரோ கிள்ளி இழுத்ததுபோல ஒரு முனை நீண்டது. எதிர்ப்பக்கம் இன்னொரு முனை. நடுப்பகுதி ஒடுங்கி வளைந்தது. அதற்குள் பக்கத்து அணுவும் வளையத் தொடங்கியிருந்தது. இருபதாவது நிமிஷம் பார்வை வட்டம் முழுக்கக் கதிர் அறுக்கும் அரிவாள்களாகக் கொட்டிக் கிடந்தன. மெட்டாபைசல்ஃபைட் செய்வது ஒரே வேலைதான்: ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். ஆக்சிஜன் குறைந்ததும் அந்தப் பையனின் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பியாக நீண்டு, அணுவையே வளைத்துவிடுகிறது. வளைந்த அணு மெல்லிய ரத்தக் குழாயில் மாட்டிக்கொண்டால் அதுதான் அந்த வலி. நோயின் பேர் அரிவாள் செல் சோகை.

ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் திட்டவில்லை. “காலையில பூரா மலேரியா ஸ்லைடு பார்க்கிறே. மத்தியானம் இது. ரெண்டும் ஒரே கேஸ்தான், தெரியுமாப்பா?” என்றார்.

தெரியவில்லை. தெரிந்துகொள்ள அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலேரியா ஸ்லைடு என்பது என் வயிற்றுப் பிழைப்பு. விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரே கண்ணாடியில் தடிப்பாக ஒரு பூச்சு, மெல்லிசாக ஒரு பூச்சு. ஜே.எஸ்.பி. சாயத்தில் முக்கி எடுத்துக் கழுவிக் காயவைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நூறு பார்வை வட்டம் நகர்த்திப் பார்க்க வேண்டும். சிவப்பணுவுக்குள் நீலமாக ஒரு வளையம், அதன்மேல் சிவப்பாக ஒரு புள்ளி: கல் வைத்த மோதிரம். வைவாக்ஸ் வகை என்றால் அணு வீங்கி வெளுத்திருக்கும். ஃபால்சிபாரம் வகை என்றால் மோதிரம் பொடிசு. ஒரே அணுவில் இரண்டுகூட இருக்கும். அந்த ஃபால்சிபாரம் கொசுவுக்குள் போகத் தயாராகும்போது எடுக்கும் உருவம், பிறை. வேலைக்கு வந்த புதிதில் மலேரியாவின் பிறையையும் சிக்கிள் அரிவாளையும் பார்த்து, ‘இதென்ன, திருடனும் வீட்டுக்காரனும் ஒரே சட்டை போட்டிருக்கிறான்’ என்று நினைத்ததுண்டு. உருவ ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவு தற்செயல் இல்லை.

அந்த உறவை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பின்னாளில் 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் இறந்துபோன அதே விஞ்ஞானி. மத்தியதரைக் கடலோரத்து மக்களிடம் தாலசீமியா என்ற ரத்தக் கோளாறு ஏன் இத்தனை மிகுதி என்று 1940-களின் கடைசியில் அவர் யோசித்தார். தீமை மட்டுமே செய்யும் மரபணு என்றால் தலைமுறை தலைமுறையாகக் கழிந்து போயிருக்க வேண்டுமே? எங்கேயோ அது சம்பாதிக்கவும் செய்கிறது என்று கணக்குப் போட்டார். மலேரியாவிடமிருந்து காப்பாற்றுவதுதான் அந்தச் சம்பாத்தியமாக இருக்கும் என்றார்.

அரிவாள் செல்லின் பக்கம் வந்தால், 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர், அரிவாள் செல் நோயாளியின் ஹீமோகுளோபின் மூலக்கூறே வேறு என்று காட்டினார்கள். 1956-57-இல் வெர்னன் இன்கிராம் அது எவ்வளவு வேறு என்று அளந்து சொன்னார்: பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். அவ்வளவே. மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. பத்திரத்தில் ஓர் எழுத்து மாறினால் நிலமே கைமாறும் என்பார்களே, அப்படி.

இந்தப் பிழை ஒரு பிரதியில் மட்டும் இருந்தால், அதாவது தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒன்று மட்டும் வந்தால், ஆள் பொதுவாகச் சௌக்கியமாக இருப்பார். எங்கள் பாஷையில் ‘ட்ரெய்ட்’. இரண்டு பிரதியும் பிழையாக வந்தால் நோய். ட்ரெய்ட் உள்ள இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று.

ட்ரெய்ட் ஆட்களை மலேரியா அண்டத் தயங்குகிறது என்பதை 1954-இல் நிலைநாட்டியவர் ஆந்தனி ஆலிசன். கென்யாவில் வளர்ந்த ஆங்கிலேயர். அவர் செய்த சோதனையை இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. லுவோ இனத்து ஆண்கள் முப்பது பேர். பதினைந்து பேர் ட்ரெய்ட், பதினைந்து பேர் சாதாரணம். எல்லோருக்கும் மலேரியாவை வேண்டுமென்றே ஏற்றினார். சாதாரண ரத்தக்காரர்களில் பதினான்கு பேருக்கு ஒட்டுண்ணி பிடித்தது. ட்ரெய்ட் ஆட்களில் இரண்டே பேர். படிக்கும்போது வியப்பும் வருகிறது, அந்த முப்பது பேரை நினைத்துச் சங்கடமும் வருகிறது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள், உயிர்போகும் அளவுக்கு முற்றிய மலேரியாவிலிருந்து ட்ரெய்ட் ஏறக்குறைய 90 சதவீதம் காக்கிறது என்று உறுதி செய்தன.

ஆக, கணக்கு இப்படி. மலேரியா தாண்டவமாடும் காட்டில், சாதாரண ரத்தத்தோடு பிறந்த பிள்ளைகளைக் காய்ச்சல் கொண்டுபோகும். இரட்டைப் பிழையோடு பிறந்த பிள்ளைகளைச் சோகை கொண்டுபோகும். நடுவில் ஒற்றைப் பிழைக்காரர்கள் பிழைத்து, பிள்ளை பெற்று, அந்த எழுத்தை அடுத்த தலைமுறைக்குத் தருவார்கள். மலேரியா இருக்கும்வரை அந்தப் பிழை அழியாது. ஒட்டுண்ணிதான் அதை நம் ரத்தத்தில் எழுதி வைத்துப் பாதுகாத்திருக்கிறது.

இதில் நீலகிரிக்கு ஒரு தனி இடம் உண்டு. ஆப்பிரிக்கர்களுக்கு மட்டுமே உள்ள சங்கதி என்று பலரும் நினைத்திருந்த அரிவாள் செல்லை 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் கண்டு எழுதினார்கள் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும். சில குடிகளில் மூன்று பேருக்கு ஒருவர் என்ற அளவை நெருங்கியிருந்தது. நான் எந்த மேஜையில் உட்கார்ந்து பழைய கரைசலால் கோட்டை விட்டேனோ, அதே மலைச்சரிவு மக்களின் ரத்தம்.

வயநாட்டுப் பீடபூமியின் கிழக்கு ஓரம் கூடலூர். வெளியூர்க்காரன் ஒரு மழைக்காலம் தங்கினால் குளிர்காய்ச்சலோடுதான் இறங்குவான் என்று அந்தக் காலத்தில் பேர். டி.டி.டி. பூச்சிமருந்து வந்து, 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டமும் வந்து, கொசு அடங்கியபிறகுதான் குடியேறிகள் அலை அலையாக வந்து தங்க முடிந்தது. என் சொந்த அபிப்பிராயம் ஒன்று: அந்தக் காட்டில் பணியரும் காட்டுநாயக்கரும் தாக்குப்பிடித்ததற்கு அவர்கள் ரத்தமும் ஒரு காரணம். மற்றவர்களை வெளியே நிறுத்திவைத்த காவல்காரனும் அதே காய்ச்சல்தான். காவல்காரன் போனான், பின்னாலேயே நிலமும் போனது. காவலுக்குக் கொடுத்த கூலி மட்டும் ரத்தத்தில் பாக்கி நிற்கிறது.

மேரி கட்புஷ் என்ற பேரை இன்னொரு தாளிலும் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1950-இல் லண்டனில் டஃபி என்ற ரத்த வகையைக் கண்டுபிடித்து எழுதியவர்களிலும் அவர் ஒருவர். டஃபி என்பது சிவப்பணுவின் மேல்தோலில் நிற்கும் ஒரு புரதம். வைவாக்ஸ் மலேரியா அணுவுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் கைப்பிடி அதுதான் என்று 1976-இல் லூயிஸ் மில்லர் குழு காட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் சிவப்பணுவில் அந்தக் கைப்பிடியே கிடையாது. அதனால் அங்கே வைவாக்ஸ் அரிது. அரிவாள் செல்போல இதற்குப் பெரிய விலையும் இல்லை. நம் ஊரில் கைப்பிடி பெரும்பாலும் எல்லோருக்கும் உண்டு. சென்னையின் மொட்டைமாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் கொசு அதனால்தான் வைவாக்ஸைச் சுகமாகச் சுமந்து திரிந்தது.

கைப்பிடியைக் கழற்றிவிட்டால் கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன். 2010-இல் மடகாஸ்கரிலிருந்து செய்தி வந்தது: டஃபி இல்லாதவர்களுக்கும் வைவாக்ஸ் வருகிறது. பூட்டியிருந்த வாசலை விட்டுவிட்டு எங்கேயோ வேறு வழி தேடியிருக்கிறது.

இங்கேதான் டாக்டர் சொன்ன ‘ஒரே கேஸ்’ எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. இது ஒருதரப்புக் கதை இல்லை. பங்காளி வழக்கு. ஒருவன் வாய்தா வாங்கினால் மற்றவன் மேல்முறையீடு போவான்.

ஃபால்சிபாரம் சிவப்பணுவுக்குள் புகுந்ததும், அணுவின் வெளித்தோலில் பசைபோல ஒரு புரதத்தை நீட்டும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளத்தான். ஒட்டாமல் ஓடினால் மண்ணீரல் பிடித்துப் போட்டுவிடும். பசை வெளியே தெரிகிறது அல்லவா, நம் உடம்பு அதை அடையாளம் கண்டு தாக்கும். அடையாளம் கண்டதும் ஒட்டுண்ணி பசையை மாற்றிவிடும். அதன் பெட்டியில் ஏறக்குறைய அறுபது மரபணுக்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உடுத்தும். அறுபது சட்டை வைத்திருக்கும் திருடனை எந்தப் போலீஸ் எளிதில் பிடிக்கும்? ட்ரெய்ட் ஆட்களின் அணுவில் இந்தப் பசை சரியாக வந்து உட்காருவதில்லை. அணு வளைந்து மண்ணீரலிடம் சீக்கிரம் மாட்டுவதும் இதுவுமாகச் சேர்ந்துதான் காப்பு.

அந்தக் காப்புக்கும் இப்போது மேல்முறையீடு வந்திருப்பது தெரிந்தது 2021-இன் கடைசியில். காம்பியாவிலும் கென்யாவிலும் கடும் மலேரியாவோடு வந்த குழந்தைகளின் மரபணுவையும், அவர்கள் உடம்பிலிருந்த ஒட்டுண்ணியின் மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். ஒட்டுண்ணியின் மரபுத்தொகுதியில் மூன்று இடங்களில் ஒரு மாறுபாடு. அந்த மாறுபாடு உள்ள ஒட்டுண்ணி அரிவாள் எழுத்தைச் சட்டை செய்வதில்லை. அது இல்லாத ஒட்டுண்ணியைத்தான் அரிவாள் எழுத்து நன்றாக மடக்குகிறது. மனிதர்களிடம் அரிவாள் எழுத்து மிகுதியாக உள்ள வட்டாரங்களில் ஒட்டுண்ணியிடம் அந்த மாறுபாடும் மிகுதி என்பதையும் கண்டார்கள். நாம் பூட்டைப் பெருக்கிய ஊரில் அது கள்ளச்சாவியைப் பெருக்கியிருக்கிறது. இத்தனை வருஷம் ஒரே மேஜையில் இரண்டு ரத்தத்தையும் பார்த்த என் கண்ணுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை; மைக்ராஸ்கோப்பில் மோதிரம் மட்டும்தானே தெரியும்.

வேறு சில எழுத்துகளும் நம் ரத்தத்தில் இப்படி இருக்கின்றன. ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு அதில் ஒன்று. வைவாக்ஸ் திரும்ப வராமலிருக்கப் பதினான்கு நாள் கொடுக்கும் பிரைமாகுயின் மாத்திரையை அந்தக் குறைபாடு உள்ளவருக்குக் கொடுத்தால் சிவப்பணு உடைந்து சிறுநீர் கறுக்கும். அது தனிக் கட்டுரை.

ஒட்டுண்ணியின் அவசரத்துக்கு நான் சொல்லவேண்டிய உதாரணம் குளோரோகுயின். நாக்கில் வைத்தால் எட்டு ஊருக்குக் கசக்கும் மாத்திரை. டி.டி.டி.யும் அதுவுமாகச் சேர்ந்து, சுதந்திரம் வந்த சமயம் வருஷத்துக்கு ஏழரைக் கோடியாக இருந்த மலேரியாவை 1961-இல் சுமார் ஐம்பதாயிரத்துக்கு இறக்கின. 1976-இல் அது மறுபடி 64 லட்சத்துக்கு ஏறியது. கொசு டி.டி.டி.க்குப் பழகியதும், வேலையில் தளர்ச்சியும் காரணங்கள். ஃபால்சிபாரம் குளோரோகுயினுக்கும் மசியாமல் போனது. மாத்திரையைத் தன் வயிற்றிலிருந்து வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு மாற்றம் அதன் மரபணுவில் வந்துவிட்டது.

ஆனால் இறைப்பதும் ஒரு செலவுதான். ஆப்பிரிக்காவின் மலாவி நாடு 1993-இல் குளோரோகுயினை நிறுத்தியது. 2001-க்குள் அங்கே அந்த மாற்றம் கொண்ட ஒட்டுண்ணி கண்ணிலேயே படவில்லை. மாத்திரை இல்லாத ஊரில் இறைப்பு வேலை வீண்சுமை, சுமக்காதவை முந்திக்கொண்டன. பிறகு நடந்த சிகிச்சைச் சோதனையில் அதே பழைய குளோரோகுயின் 99 சதவீதம் கேட்டது. எட்டே வருஷம்.

எதிரி இல்லாத காலத்தில் ஆயுதம் பாரமாகிவிடுகிறது. அதைக் கீழே போட ஒட்டுண்ணிக்கு எட்டு வருஷம் போதும். ரத்தத்தில் நாற்பத்தெட்டு மணிக்கு ஒருமுறை பெருகுகிற ஜீவன் அது. நமக்கு?

இதே கேள்வியை 1989-லேயே அந்தப் பையனின் தாய் கேட்டார். டாக்டர் அவருக்கு விஷயத்தை முடிந்தவரை எளிதாகச் சொல்லியிருந்தார். அவர் வெளியே வந்து என் மேஜையருகே நின்று, மலையாளம் கலந்த தமிழில், “இப்போ எங்க ஊருல பனிக்காய்ச்சல் ஒண்ணும் இல்ல சாரே. பின்னே இது எதுக்கு எம்புள்ளைக்கு?” என்றார். “சரியாயிடும்மா” என்று சொல்லி அனுப்பினேன். பதில் தெரியாதவன் சொல்கிற பதில்.

ரிடையரான பிறகு ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பெரிய கணிதம் இல்லை. பத்துப் பேரில் மூன்று பேருக்கு ட்ரெய்ட் உள்ள ஒரு கூட்டம். மலேரியா அடியோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இரட்டைப் பிழையோடு பிறக்கும் பிள்ளைகள் ஒருவர்கூடப் பெரியவராகவில்லை என்ற கொடூரமான நிலையையும் வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த எழுத்து பாதியாகக் குறைய ஐந்தாறு தலைமுறை ஆகும். தலைமுறைக்கு 25 வருஷம் என்றால் நூற்றைம்பது வருஷத்துக்குச் சற்று முன்பின். அதற்கடுத்து அதில் பாதியாக இன்னும் இருமடங்கு காலம். குறையக் குறைய அது ஒற்றைப் பிரதிகளுக்குள் பதுங்கிக்கொள்ளும். அந்தப் பிள்ளைகளை மருத்துவம் காப்பாற்றும்போது இன்னும் மெதுவாகும். ஆகட்டும். எழுத்து ஒழிய வேண்டும் என்று பிள்ளையைச் சாகவிட முடியுமா?

ஒட்டுண்ணியின் அவசரத்துக்கு இன்னோர் உதாரணத்தையும் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. என் காலத்தின் கடைசியில் மலேரியாவுக்கு அட்டை டெஸ்ட் வந்தது. ஒரு சொட்டு ரத்தம், கொஞ்சம் திரவம், இருபது நிமிஷத்தில் கோடு. “இனிமே உங்க கண்ணுக்கு ஓய்வுண்ணே” என்று சின்னப் பையன்கள் கேலி செய்தார்கள். ஃபால்சிபாரத்தைப் பிடிக்க அந்த அட்டை தேடுவது ஹெச்.ஆர்.பி.2 என்ற ஒரு புரதத்தை. 2010-இல் பெருவின் அமேசான் பகுதியில், அந்தப் புரதத்துக்கான மரபணுவையே தொலைத்துவிட்ட ஃபால்சிபாரத்தைக் கண்டார்கள். அட்டையில் கோடு விழாது. பிறகு எரித்ரியாவில் அது மலிந்துபோய், 2016-இல் அந்த நாடு அட்டையையே மாற்ற வேண்டியதாயிற்று. இந்தியாவிலும் சிறு அளவில் உண்டு.

யோசித்தால் வியப்பில்லை. கோடு விழுந்தவருக்கு மருந்து. அவருக்குள் இருந்தது செத்தது. கோடு விழாதவர் வீட்டுக்குப் போனார். அவரைக் கடித்த கொசு அதை எடுத்துக்கொண்டு போனது. அட்டையே சல்லடையாக வேலை செய்திருக்கிறது. வழக்கில் நாங்கள், லேப்காரர்கள், சாட்சிகள் என்று நினைத்திருந்தேன். நாங்களும் கட்சிக்காரர்களாகிவிட்டோம். ஆனால் மரபணுவைத் தொலைத்தாலும் மோதிரத்தைத் தொலைக்க முடியாது பாருங்கள். சாயம் போட்ட ஸ்லைடில் அது மாட்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வருவது உண்மைதான்.

அந்தப் பையன் பிழைத்துவிட்டார். இந்தியப் பழங்குடிகளிடம் உள்ள அரிவாள் எழுத்து ஒரு தனி மரபுப் பின்னணியோடு வருகிறது. சிசுப் பருவத்து ஹீமோகுளோபின் பெரியவர்களான பின்னும் கூடுதலாகத் தங்கி, அணு வளைவதைத் தடுக்கிறது. ஆப்பிரிக்க நோயாளிகளைவிட நோய் பொதுவாகச் சற்று மிதம். அதோடு ஃபோலிக் அமிலம், பின்னாளில் ஹைட்ராக்சியூரியா. 2023 ஜூலையில் மத்திய அரசு அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, நாற்பது வயசு வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதாக அறிவித்த பிறகு, மலையில் முகாம்கள் கூடின. போன வருஷம் ஒரு பழைய சிநேகிதரைப் பார்க்கக் கூடலூர் போனவன், அப்படி ஒரு முகாமில் அந்தப் பையனையே பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர், மெலிந்த தேகம், கண்ணில் அதே இளமஞ்சள். பள்ளிக்கூடம் போகும் மகளைக் கூட்டி வந்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன்.

அவருக்கு இரண்டு பிரதியும் அரிவாள் எழுத்து. எனவே மகளுக்கு ஒன்று போய்த்தான் இருக்கும். அதில் சந்தேகமே இல்லை. தாயிடமிருந்து வந்தது எது என்பதுதான் கேள்வி. முதல் கட்ட டெஸ்டில் ட்ரெய்ட்டும் நோயும் பிரியாது. பெரிய மெஷினில் போட்டு ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த வாரம் சிநேகிதர் போனில் சொன்னார்: “ட்ரெய்ட்தான். நல்லா இருக்கா.”

அன்றைக்கு முகாமில் ரத்தம் எடுத்த பெண்ணிடம், பழக்கதோஷத்தில், “கரைசல் இன்னிக்குப் போட்டதாம்மா?” என்று கேட்டிருந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கிட் சார்” என்றாள். “எக்ஸ்பயரி டேட் பின்னாடி இருக்கு, பாத்துக்குங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இன்னும் ஏழு மாதம் இருந்தது.